அணுப்பொருளுக்குக் கணக்கு வைப்பது யார், காவல் காப்பது யார்? சென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொழிற்சாலைகளில் வெல்டிங் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று கதிர்ப்படம் எடுத்துச் சோதிப்பது என் வேலை. அதனால் கதிரியக்கம் பற்றிப் பேசச் சொல்லி கல்லூரிகளுக்கும் குடியிருப்போர் சங்கக் கூட்டங்களுக்கும் அழைப்பார்கள். கேள்விகள் பெரும்பாலும் கல்பாக்கத்தில் ஆரம்பித்து அணுகுண்டில் போய் நிற்கும். காயலான் கடை பற்றிக் கேட்பவர்கள் குறைவு. என்னைக் கேட்டால் சென்னைவாசிகள் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான். அடிக்கடி வரும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

அணு உலையில் விபத்து நடக்காமல் பார்ப்பது, காவல் காப்பது, வெளிநாட்டு ஆய்வாளர்கள் வந்து பார்ப்பது எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. மூன்றும் வெவ்வேறு வேலைகள், பொறுப்பாளர்களும் வேறு வேறு.

உலை சூடாகி வெடிக்காமல், கசியாமல் பார்த்துக்கொள்வது விபத்துத் தடுப்பு. இந்தியாவில் அணு மின் நிலையங்களை இந்தக் கோணத்தில் கண்காணிப்பது 1983இல் அமைக்கப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். திருடனும் தீவிரவாதியும் உள்ளே நுழையாமல் தடுப்பது காவல். அது முழுக்க முழுக்க அந்தந்த நாட்டு அரசின் பொறுப்பு. மூன்றாவது சர்வதேசக் கண்காணிப்பு. இதில் கண்காணிக்கப்படுவது அரசாங்கமேதான். மின்சாரத்துக்கு என்று சொல்லி வாங்கிய யுரேனியத்தை ஓர் அரசு ரகசியமாகக் குண்டு செய்யத் திருப்பிவிடுகிறதா என்று பார்ப்பதுதான் அதன் நோக்கம். வியன்னாவில் இருக்கும் சர்வதேச அணுசக்தி முகமை, அதாவது ஐ.ஏ.இ.ஏ., இதைச் செய்கிறது.

ஆக, ஐ.ஏ.இ.ஏ. ஆய்வாளர் ஓர் உலைக்கு வந்து போனார் என்றால் அந்த உலை விபத்து நடக்காத உலை என்று சான்றிதழ் கொடுத்துவிட்டார் என்று அர்த்தமில்லை. வரவில்லை என்றால் அது ஆபத்தான உலை என்றும் அர்த்தமில்லை. தொலைக்காட்சி விவாதங்களில் இந்த இரண்டையும் போட்டுக் குழப்புவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும்.

ஐ.ஏ.இ.ஏ.வுக்கு இந்த அதிகாரத்தைக் கொடுத்தது யார்?

நாடுகளே கொடுத்ததுதான். முகமை 1957இல் தொடங்கியது. 1970இல் நடைமுறைக்கு வந்த அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்த, ஆயுதம் இல்லாத நாடுகள் தங்களிடம் உள்ள எல்லா அணுப்பொருளையும், அதாவது யுரேனியம், புளூட்டோனியம் போன்றவற்றை, முகமையின் கண்காணிப்புக்குக் கீழ் வைக்க ஒப்புக்கொண்டன. அமெரிக்கா, ரஷ்யா, பிரிட்டன், பிரான்ஸ், சீனா ஆகிய ஐந்தும் 1967க்கு முன்பே குண்டு வெடித்துப் பார்த்தவை என்பதால் அந்த ஒப்பந்தத்தில் ஆயுத நாடுகளாக ஏற்கப்பட்டவை. அவற்றுக்கு இந்தக் கட்டாயம் கிடையாது, தாங்களாக விரும்பிச் சில நிலையங்களைக் காட்டுகின்றன. இந்த ஏற்றத்தாழ்வு நியாயமில்லை என்பதுதான் இந்தியா ஆரம்பத்திலிருந்தே சொல்லிவரும் குறை. அந்தக் குறையில் உண்மை இருக்கிறது என்றே நானும் நினைக்கிறேன்.

ஒரு குண்டுக்கு எவ்வளவு பொருள் போதும்?

முகமை தன் கணக்குக்காக வைத்திருக்கும் அளவுகள் வெளிப்படையானவை. புளூட்டோனியம் என்றால் 8 கிலோ. உயர்செறிவு யுரேனியம், அதாவது குண்டுக்கு உதவும் யுரேனியம்-235 என்ற வகையின் பங்கைக் கூட்டிய யுரேனியம் என்றால், அதில் அந்த 235 மட்டும் 25 கிலோ. இந்த அளவு காணாமல் போனால், ஒரு குண்டு செய்திருக்கும் வாய்ப்பை ஒதுக்கிவிட முடியாது என்று வைத்துக்கொள்கிறார்கள். எட்டு கிலோ புளூட்டோனியத்தை உருட்டினால் ஒரு பெரிய சாத்துக்குடி அளவுதான் வரும். அத்தனை அடர்த்தியான உலோகம் அது.

எத்தனை நாளுக்குள் கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்கும் இலக்கு உண்டு. உலைக்குள் போகாத புளூட்டோனியமோ உயர்செறிவு யுரேனியமோ காணாமல் போனால் ஒரு மாதத்துக்குள். எரிந்து முடிந்த எரிபொருளில் கலந்து கிடக்கும் புளூட்டோனியம் என்றால் மூன்று மாதம். அதைப் பிரித்தெடுக்கத் தனி ஆலையும் காலமும் வேண்டும் என்பதால் இந்த அவகாசம். சாதாரண யுரேனியத்துக்கு ஓராண்டு.

ஆய்வாளர்கள் வந்து உண்மையில் என்ன செய்கிறார்கள்?

முதலில் பேரேடு. ஒவ்வொரு நிலையமும் எத்தனை எரிபொருள் வந்தது, எத்தனை உள்ளே போனது, எத்தனை வெளியே வந்தது என்று கணக்கு எழுதி அரசின் வழியாக வியன்னாவுக்கு அனுப்ப வேண்டும். ஆய்வாளர் வந்து அந்தக் கணக்கையும் கண் முன்னால் இருக்கும் பொருளையும் ஒப்பிடுகிறார். எண்ணிப் பார்ப்பார், எடை போடுவார், கதிர்வீச்சை அளந்து இது சொன்ன பொருள்தானா என்று சோதிப்பார்.

எரிந்த எரிபொருள் ஆழமான தண்ணீர்த் தொட்டியில் கிடக்கும். கிட்டே போக முடியாது. ஆனால் அதிலிருந்து வரும் கதிர்வீச்சு தண்ணீருக்குள் ஒரு நீல ஒளியை உண்டாக்கும். அந்த ஒளியைப் பார்ப்பதற்கென்றே ஒரு கருவி இருக்கிறது. மேலே நின்று அதன் வழியாகப் பார்த்தால், கீழே இருப்பது நிஜமான எரிந்த எரிபொருளா, அதைப்போலச் செய்து வைத்த பொம்மையா என்பது தெரிந்துவிடும்.

அப்புறம் சீல். ஆய்வாளர் ஆண்டு முழுக்க அங்கேயே உட்கார்ந்திருக்க முடியாது. அதனால் ஒரு கிடங்கையோ மூடியையோ சோதித்துவிட்டு சீல் வைத்துவிடுவார். பழைய வகை உலோகச் சீலின் உள்பக்கத்தில் இருக்கும் கீறல்களை முன்கூட்டியே படம் எடுத்து வைத்திருப்பார்கள். அடுத்த முறை அதைக் கழற்றி வியன்னாவுக்குக் கொண்டுபோய்ப் பழைய படத்தோடு ஒப்பிடுவார்கள். யாராவது பிரித்துவிட்டு அச்சு அசலாக வேறொன்றை மாட்டியிருந்தால் கீறல் காட்டிக்கொடுத்துவிடும். இப்போது ஒளியிழைச் சீல்களும் மின்னணுச் சீல்களும் வந்திருக்கின்றன. கூடவே, யாரும் கைவைக்க முடியாதபடி பெட்டிக்குள் அடைத்த கேமராக்கள்.

இவற்றில் எந்தக் கருவியும் திருட்டைத் தடுக்காது என்பதைக் கவனியுங்கள். பூட்டை உடைத்தால் உடைந்தது தெரியும், அவ்வளவுதான். மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தை ஓர் அரசுக்கு உண்டாக்குவதுதான் மொத்த ஏற்பாட்டின் பலம்.

கல்பாக்கத்துக்கு ஐ.ஏ.இ.ஏ. வருகிறதா?

சென்னையிலிருந்து தெற்கே சுமார் 70 கிலோமீட்டர் தூரத்தில் இருப்பதால் இதைக் கேட்காத கூட்டமே இல்லை. பதில்: கல்பாக்கத்தின் உலைகள் முகமையின் கண்காணிப்பில் இல்லை.

காரணத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அமெரிக்காவோடு அணுசக்தி ஒப்பந்தம் பேசியபோது, 2006இல் இந்தியா தன் நிலையங்களை இரண்டாகப் பிரித்தது. வெளிநாட்டு எரிபொருளும் தொழில்நுட்பமும் பெறக்கூடிய சிவில் நிலையங்கள் ஒரு பக்கம், நாட்டின் சொந்தத் திட்டங்களுக்கென்று வெளியே வைத்தவை இன்னொரு பக்கம். அன்று இயங்கியவை, கட்டப்பட்டுக்கொண்டிருந்தவை எல்லாம் சேர்த்து 22 மின் உலைகளில் 14ஐ சிவில் பட்டியலில் வைத்தது. தாராப்பூரின் முதல் இரண்டு, ராஜஸ்தானின் ஆறு, நரோராவின் இரண்டு, காக்ராபாரின் இரண்டு, கூடங்குளத்தின் இரண்டு. 1980களில் ஓடத் தொடங்கிய சென்னை அணுமின் நிலையத்தின் இரண்டு உலைகளும், 500 மெகாவாட் அதிவேக ஈனுலையும் அந்தப் பட்டியலில் சேரவில்லை.

ஈனுலையை வெளியே வைத்ததுதான் அன்று பெரிய விவாதம். அது புளூட்டோனியமும் யுரேனியமும் கலந்த எரிபொருளில் ஓடுவது. எரிக்கும்போதே புதுப் புளூட்டோனியத்தையும் உண்டாக்கும். ஆராய்ச்சி நிலையில் இருக்கும் உள்நாட்டுத் தொழில்நுட்பத்தில் வெளியார் தலையீடு கூடாது என்பது அரசின் வாதம். ஆயுதத்துக்கும் பயன்படக்கூடிய பொருள் கண்காணிப்பில்லாமல் சேர்கிறதே என்பது எதிர்வாதம். என் கருத்தைக் கேட்டால், வியன்னாவிலிருந்து ஆள் வருவதும் வராததும் அரசியல் முடிவு. ஆனால் புளூட்டோனியத்தின் உள்நாட்டுக் கணக்கு எப்படி வைக்கப்படுகிறது, அதைத் தணிக்கை செய்வது யார் என்பதையாவது இன்னும் திறந்து பேச வேண்டும். கிலோ கணக்கைச் சொல்ல வேண்டாம், நடைமுறையைச் சொல்லலாமே. அதனால் எந்த ரகசியமும் வெளியே போகாது, மக்களுக்கு நம்பிக்கை வரும்.

கூடங்குளம்?

அது கண்காணிப்பில் இருக்கிறது. ரஷ்ய வடிவமைப்பு, ஒவ்வொன்றும் 1,000 மெகாவாட், எரிபொருளும் ரஷ்யாவிலிருந்து. இந்த வகை உலையைக் கண்காணிப்பது ஒப்பீட்டளவில் எளிது. 163 எரிபொருள் கட்டுகளை உள்ளே வைத்து மூடியைப் போட்டால், அடுத்த முறை எரிபொருள் மாற்ற உலையை நிறுத்தும்வரை திறக்க முடியாது. மூடிக்குச் சீல், கேமரா, திறக்கும் நாளில் ஓர் ஆய்வாளர் என்று ஏற்பாடு அடங்கிவிடும்.

ராஜஸ்தானிலும் நரோராவிலும் இருக்கும் 220 மெகாவாட் கனநீர் உலைகள் அப்படியல்ல. ஒவ்வொன்றிலும் 306 குழாய்கள், குழாய்க்கு 12 எரிபொருள் கட்டு. உலையை நிறுத்தாமல், ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு பக்கம் புதியதைத் தள்ளி மறுபக்கம் பழையதை எடுப்பார்கள். ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கட்டுகள், ஓயாத போக்குவரத்து. அங்கே மூடிக்குச் சீல் வைத்துப் பயனில்லை. வெளியே வரும் ஒவ்வொரு கட்டையும் தானாக எண்ணும் கருவிகள் வேண்டும்.

பரவல் தடை ஒப்பந்தத்தில் கையெழுத்தே போடாத இந்தியாவுக்கு எதற்கு இந்தக் கண்காணிப்பு?

யுரேனியம் வாங்குவதற்கு. 1974 மே 18இல் பொக்ரானில் நடந்த வெடிப்புக்குப் புளூட்டோனியம் தந்தது கனடா கொடுத்த சைரஸ் ஆராய்ச்சி உலை. அமைதிப் பயன்பாட்டுக்கென்று கொடுத்தது இப்படிப் போய்விட்டதே என்று சப்ளை நாடுகள் கூடி அணுசக்தி விநியோகக் குழுமத்தை அமைத்தன. அதன் பிறகு பல ஆண்டுகள் இந்தியாவுக்குக் கதவு கிட்டத்தட்ட மூடியே இருந்தது. 2008 ஆகஸ்டில் முகமையின் ஆளுநர் குழு இந்தியாவுக்கான தனி ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் தந்தது. அடுத்த மாதமே விநியோகக் குழுமம் விலக்கு கொடுத்தது. ஒப்பந்தம் 2009இல் நடைமுறைக்கு வந்தது. 2014இல், ஆய்வாளர்களின் உரிமைகளை விரிவாக்கும் ‘கூடுதல் நெறிமுறை’யும் சேர்ந்தது. ஆனால் இந்தியாவின் நெறிமுறை மற்ற நாடுகளுடையதைவிடக் குறுகலானது. அறிவிக்காத இடங்களுக்குள்ளும் போய்ப் பார்க்கும் உரிமையை அது ஆய்வாளர்களுக்குத் தருவதில்லை.

ஓர் அரசு ஏமாற்ற நினைத்தால் ஏமாற்ற முடியாதா?

முடிந்திருக்கிறது. ஈராக் பரவல் தடை ஒப்பந்தத்தில் இருந்த நாடு, ஆய்வாளர்கள் போய்வந்துகொண்டிருந்த நாடு. 1991 வளைகுடாப் போருக்குப் பிறகுதான் அங்கே பெரிய ரகசிய அணு ஆயுதத் திட்டம் இருந்தது தெரியவந்தது. அதுவரை ஆய்வாளர்கள் அரசு காட்டிய இடங்களில் அரசு கொடுத்த கணக்கை மட்டும் சரிபார்த்தார்கள். கணக்கிலேயே இல்லாத கட்டடத்துக்குள் என்ன நடக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

அந்த அதிர்ச்சியில் பிறந்ததுதான் 1997இன் கூடுதல் நெறிமுறை. அதை முழுமையாக ஏற்ற நாட்டில், குறுகிய முன்னறிவிப்போடு மற்ற இடங்களுக்கும் போகலாம். பருத்தித் துணியால் சுவரையும் மேசையையும் துடைத்து எடுத்துப் போகலாம். ஆஸ்திரியாவின் சைபர்ஸ்டார்ஃப் ஆய்வகத்தில் அந்தத் துணியில் ஒட்டிய கண்ணுக்குத் தெரியாத துகளைப் பிரித்து, எந்தச் செறிவில் யுரேனியம் கையாளப்பட்டது என்று சொல்லிவிடுகிறார்கள். கழுவி வெள்ளையடித்தாலும் துகள் எங்காவது தங்கிவிடும்.

ஆனால் ஆய்வாளரையே வெளியே அனுப்பிவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. வட கொரியா 2002 கடைசியில் அதைத்தான் செய்தது. அடுத்த மாதமே ஒப்பந்தத்திலிருந்து விலகுவதாகவும் அறிவித்தது. 2006இல் குண்டு வெடித்தது.

ஈரானில் நடந்ததைப் பார்த்தால் முகமையால் என்ன பயன் என்று தோன்றுகிறதே?

2025 ஜூனில் ஈரான் மீது இஸ்ரேலின் தாக்குதல்கள் தொடங்கியபோது அந்த நாட்டிடம் 60 சதவீதம் செறிவூட்டிய யுரேனியம் சுமார் 440 கிலோ இருந்தது என்று உலகத்துக்கே தெரிந்தது முகமையின் அளவீட்டால்தான். தாக்குதலுக்குப் பிறகு ஆய்வாளர்கள் உள்ளே போக முடியாமல் போனதும், அந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்ற அறிவே உலகத்திடமிருந்து நழுவியது. கணக்கெடுப்பவர் வெளியே போனால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

சரி, காவலுக்கு வருவோம். திருட்டைத் தடுக்க உலகச் சட்டம் எதுவும் இல்லையா?

இருக்கிறது. அணுப்பொருள்களை நேரடிப் பாதுகாப்பில் வைப்பதற்கான உடன்படிக்கை 1980இல் கையெழுத்துக்கு வைக்கப்பட்டது. முதலில் அது முக்கியமாக நாடு விட்டு நாடு போகும் சரக்கைத்தான் கவனித்தது. 2005இல் திருத்தி, உள்நாட்டுக் கிடங்குகளையும் உலைகளையும் சேர்த்தார்கள். போதுமான நாடுகள் ஏற்று அந்தத் திருத்தம் நடைமுறைக்கு வர 2016 ஆகிவிட்டது. இந்தியா 2007லேயே ஏற்றுவிட்டது. இது தவிர, ஆயுதப் பொருள்கள் தனிநபர் குழுக்கள் கைக்குப் போகாமல் சட்டம் போட வேண்டும் என்று ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் 2004இல் 1540 எண் தீர்மானத்தை நிறைவேற்றியது. அடுத்த ஆண்டே இந்தியா பேரழிவு ஆயுதங்கள் சட்டத்தைக் கொண்டுவந்தது.

ஆனால் ஒரு வித்தியாசம். கண்காணிப்புக்கு ஆய்வாளர் வருவதைப்போல, காவலைச் சோதிக்க யாரும் கட்டாயமாக வருவதில்லை. நாடு அழைத்தால் முகமை நிபுணர்களை அனுப்பி ஆலோசனை சொல்லும், அவ்வளவே.

சுவர், முள்வேலி, துப்பாக்கி எல்லாம் இருக்கும்போது திருட்டு எப்படி நடக்கும்?

உள்ளே வேலை பார்ப்பவரால். மாஸ்கோவுக்குப் பக்கத்தில் பொடோல்ஸ்க் நகரில் ஓர் அணு நிறுவனத்தின் ஊழியர், 1992இல் கொஞ்சம் கொஞ்சமாகச் சுமார் ஒன்றரைக் கிலோ 90 சதவீத யுரேனியத்தை வீட்டுக்குக் கொண்டுபோனார். வேலையின்போது சிறிதளவு பொருள் சேதாரமாவது சகஜம் என்று நிறுவனமே ஓர் அளவு ஒதுக்கியிருந்தது. அவர் எடுத்தது அந்த அளவுக்குள்ளேயே இருந்ததால் பேரேட்டில் எதுவும் உறுத்தவில்லை. பேட்டரி திருடிய அக்கம்பக்கத்தார் சிலரைப் போலீஸ் பிடித்தபோது, கூட நின்றதால் இவரும் தற்செயலாக மாட்டினார்.

இந்தச் சம்பவத்தை நான் எல்லாக் கூட்டத்திலும் சொல்வேன். வேலி எவ்வளவு உயரமாக இருந்தாலும், சேதாரக் கணக்கைத் துல்லியமாகப் பார்க்காத இடத்தில் காவலுக்கு அர்த்தமில்லை.

உள்ளே இருப்பவரின் மனநிலையும் இதில் சேரும். 2014 அக்டோபரில் கல்பாக்கத்தில் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையின் தலைமைக் காவலர் ஒருவர் தன் துப்பாக்கியால் சக காவலர்கள் மூவரைச் சுட்டுக் கொன்றார். உலைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஆயுதத்தோடு உள்ளே நிற்பவரின் ஓய்வு, விடுப்பு, மன அழுத்தம் ஆகியவையும் அணுப் பாதுகாப்பின் பகுதிதான் என்பதை அது காட்டியது. வேலிக்குச் செலவழிக்கும் அக்கறையில் ஒரு பங்காவது இதற்கும் வேண்டும்.

கூடங்குளத்தை ஹேக் செய்துவிட்டார்கள் என்றார்களே?

2019 செப்டம்பரில் தீங்குநிரல் புகுந்தது உண்மை. நிர்வாகப் பணிக்குப் பயன்பட்ட ஒரு கணினியில் அது இருந்ததை அணுமின் கழகம் அக்டோபர் கடைசியில் ஒப்புக்கொண்டது. உலையை இயக்கும் கணினிகள் தனி வலையில் இருப்பவை, அவை பாதிக்கப்படவில்லை என்றும் சொன்னது. முதல் நாள் நிலையத்தின் தரப்பிலிருந்து மறுப்பு, மறுநாள் ஒப்புதல் என்று வந்ததுதான் மக்களின் சந்தேகத்தை வளர்த்தது. தனி வலை என்பதால் மட்டும் நிம்மதியாகிவிடவும் முடியாது. ஈரானில் யுரேனியத்தைச் செறிவூட்டும் நடான்ஸ் ஆலையின் கட்டுப்பாட்டுக் கணினிகளும் இணையத்தோடு இணைக்கப்படாதவைதான். 2010இல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட் நிரல் அங்கேயும் புகுந்தது.

போர் வந்தால் கல்பாக்கத்தைத் தாக்குவார்களா?

அணு நிலையங்களைத் தாக்குவதில்லை என்று இந்தியாவும் பாகிஸ்தானும் 1988 டிசம்பர் 31இல் ஒப்பந்தம் போட்டன. 1992இலிருந்து ஒவ்வொரு ஜனவரி முதல் தேதியும் இரு நாடுகளும் தங்கள் நிலையங்களின் பட்டியலைப் பரிமாறிக்கொள்கின்றன. உறவு மிக மோசமாக இருந்த ஆண்டுகளிலும் இது நிற்கவில்லை. உக்ரைனின் சப்போரிஜியா நிலையம் 2022 மார்ச்சில் ரஷ்யப் படைகள் கைக்குப் போனதைப் பார்த்த பிறகு, இப்படி ஒரு காகிதம் நம்மிடம் இருப்பதன் அருமை புரிகிறது.

சென்னைக்குள் கதிரியக்கப் பொருள் இருக்கிறதா?

இருக்கிறது, நிறையவே. இதில் பெரும்பாலானவை குண்டு செய்ய உதவாது. ஆனால் தவறான கையில் ஆளைக் கொல்லும்.

அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் 1950களிலேயே கோபால்ட் கருவி வந்துவிட்டது. இன்றும் பல மருத்துவமனைகளில் கோபால்ட்-60, இரிடியம்-192 ஆகிய கதிரியக்க மூலங்களை, அதாவது கதிர் வீசும் சின்ன உலோகத் துண்டுகளைப் பயன்படுத்துகிறார்கள். மணலி, எண்ணூர் பக்கம் குழாய் வெல்டிங்கைச் சோதிக்க நாங்கள் கொண்டுபோகும் ‘கேமரா’வுக்குள் இரிடியம்-192 இருக்கும். அதன் கவசம் பெரும்பாலும் வளம் குறைந்த யுரேனியத்தால், அதாவது யுரேனியம்-235 குறைந்த யுரேனியத்தால் ஆனது. அதனால் அந்தச் சின்னப் பெட்டியிலேயே கதிரியக்க மூலம், அணுப்பொருள் இரண்டும் இருக்கின்றன.

எங்கள் துறையில் ஒவ்வொரு மூலத்துக்கும் எண் உண்டு. ஒழுங்குமுறை வாரியத்தின் இணையப் பதிவில் அது யாரிடம் இருக்கிறது என்று இருக்கும். கதிரியக்கப் பாதுகாப்பு அதிகாரி, நாங்கள் ஆர்.எஸ்.ஓ. என்போம், அவர் இல்லாமல் வேலை நடத்தக் கூடாது. ஒவ்வொரு படம் எடுத்த பிறகும் கதிர்வீச்சை அளக்கும் சர்வே மீட்டரைக் கையில் பிடித்துப் போய், மூலம் பெட்டிக்குள் திரும்பிவிட்டதா என்று பார்த்தே ஆக வேண்டும். தேய்ந்த மூலத்தைக் கொடுத்தவரிடமே திருப்பி அனுப்ப வேண்டும். இரவு இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் இந்த மீட்டர் சோதனையை விட்டுவிடுவதுதான் பெரிய விபத்துகளின் தொடக்கம். 1999இல் பெருவில் ஒரு வெல்டர் கீழே விழுந்து கிடந்த இரிடியம் மூலத்தை ஏதோ உலோகத் துண்டு என்று பின்பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். காலை எடுக்க வேண்டியதாயிற்று.

காயலான் கடைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

உலகம் முழுக்கத் தொலைந்த மூலங்கள் வந்து சேரும் இடம் அதுதான். 1987இல் பிரேசிலின் கோயானியா நகரில், கைவிடப்பட்ட ஒரு மருத்துவமனையில் விட்டுப்போன சீசியம் கருவியை இருவர் பழைய இரும்புக்காகக் கழற்றினார்கள். வாங்கிய கடைக்காரர் இருட்டில் நீலமாக ஒளிர்ந்த தூளைச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் கொடுத்தார். நான்கு பேர் இறந்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைச் சோதிக்க வேண்டியிருந்தது.

நம் நாட்டிலேயே 2010இல் நடந்தது. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தாமல் கிடந்த கோபால்ட்-60 கருவியைப் பழைய சாமான் என்று ஏலம் விட்டார்கள். மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் அதைப் பிரித்தபோது பலருக்குக் கதிர்வீச்சுத் தாக்கி, ஒருவர் உயிரிழந்தார். திருடியவர் யாருமில்லை. கருவி என்ன என்று தெரிந்தவர்கள் ஓய்வுபெற்றுப் போனார்கள், கணக்கிலிருந்து அது நழுவியது.

உருக்கிவிட்டாலும் தொல்லை தீராது. 2008இல் இந்திய உருக்கில் செய்த லிஃப்ட் பட்டன்களில் கோபால்ட்-60 இருப்பதைப் பிரான்ஸில் கண்டுபிடித்தார்கள். அதனால்தான் வெளிநாட்டிலிருந்து பழைய உலோகம் வரும்போது கதிரியக்கம் இல்லை என்ற சோதனைச் சான்றிதழ் கேட்கிறார்கள். ஆனால் உள்ளூரில் மூடிப்போன தொழிற்சாலையிலிருந்து புதுப்பேட்டைக்கோ அம்பத்தூர்ப் பக்கத்துக் கிடங்குக்கோ வரும் சரக்குக்கு அப்படி யாரும் கேட்பதில்லை. பெரிய காயலான் கடைகள் சேர்ந்து ஒரு மீட்டராவது வாங்கி வைக்க வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

அப்படி ஏதாவது கண்ணில் பட்டால் என்ன செய்வது?

கதிரியக்கத்தைக் குறிக்கும் மூன்று இறக்கைச் சின்னம் தெரிந்தாலோ, அளவுக்கு மீறிக் கனக்கும் சின்ன ஈயப் பெட்டி கிடைத்தாலோ தொடாதீர்கள், திறக்காதீர்கள், வெட்டாதீர்கள். 2007இல் வந்த புதிய சின்னத்தில் சிவப்பு முக்கோணத்துக்குள் மண்டை ஓடும் ஓடுகிற மனிதனும் இருக்கும். அதைப் பார்த்தால் உடனே விலகுங்கள். தூரம்தான் முதல் மருந்து, இரண்டு மடங்கு தள்ளி நின்றால் கதிர்வீச்சு நாலில் ஒரு பங்காகிவிடும். மற்றவர்களையும் தள்ளி நிறுத்திவிட்டு 112ஐக் கூப்பிட்டு, கதிரியக்கப் பொருள் என்று சந்தேகம் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். அரக்கோணத்தில் இருக்கும் தேசியப் பேரிடர் மீட்புப் படை இதற்கும் பயிற்சி பெற்றது.

ஏற்கனவே தொட்டவர்கள் இருந்தால் கைகளைக் கழுவட்டும், பெயர்களை எழுதி வையுங்கள். வாந்தியோ, சூடு பட்டதுபோல் தோல் சிவப்பதோ இருந்தால் மருத்துவரிடம் அந்த உலோகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவர் வேறு ஏதோ ஒவ்வாமை என்றுதான் நினைப்பார்.

திருட்டு எக்ஸ்ரே மெஷின் ஆபத்தா?

மின்சாரம் இல்லாவிட்டால் அதில் கதிர்வீச்சே கிடையாது.

இரிடியம் கலசம் கோடிக்கணக்கில் விலை போகுமாமே?

போகாது. தயவுசெய்து ஏமாறாதீர்கள். கோயில் கலசத்தில் இரிடியம் இருக்கிறது, அரிசியை இழுக்கும், விண்வெளி ஆய்வுக்கு வெளிநாட்டவர் வாங்குவார்கள் என்று சொல்லித் தமிழ்நாட்டில் எத்தனை குடும்பங்களின் சேமிப்பைக் கரைத்துவிட்டார்கள்! இரிடியம் ஓர் அரிய உலோகம், அவ்வளவே. இயற்கையில் கிடைப்பது கதிரியக்கம் இல்லாதது, அரிசியை இழுக்காது. நாங்கள் பயன்படுத்தும் இரிடியம்-192 உலையில் தயாரிப்பது. சுமார் 74 நாளில் பாதியாகத் தேய்ந்துவிடும். நூற்றாண்டுகளாகக் கலசத்துக்குள் அது இருக்கவே முடியாது. உண்மையிலேயே யாராவது கதிரியக்கப் பொருள் விற்க வந்தால் அது குற்றம். போலியென்றாலும் குற்றம்தான். காவல்துறைக்குச் சொல்லுங்கள்.

கடற்கரை மணலில் உள்ள தோரியத்தால் குண்டு செய்யலாமா?

நேரடியாக முடியாது. மோனசைட் மணலில் உள்ள தோரியத்தை உலையில் வைத்து நியூட்ரான் பட வைத்தால் யுரேனியம்-233 ஆக மாறும், அதுதான் எரிபொருள். கல்பாக்கத்தின் காமினி என்ற சிறிய ஆராய்ச்சி உலை அதில்தான் ஓடுகிறது. மணல் கடத்தல் பெரிய குற்றம், கடற்கரைக்கும் அழிவு. அணுகுண்டு பயத்தை அதோடு சேர்க்கத் தேவையில்லை.

என் மகள் இயற்பியல் படிக்கிறாள். இந்தத் துறையில் வேலை உண்டா?

உண்டு, ஆளும் தேவை. முகமைக்கு இயற்பியல், வேதியியல் மட்டுமல்ல, புள்ளியியல், செயற்கைக்கோள் படம் படிப்பவர்கள், கணினிப் பாதுகாப்பு, சட்டம் படித்தவர்கள் எல்லோரும் வேண்டும். அணுத்துறை முதுகலை படிக்கும் பெண்களுக்கென்றே முகமை மேரி ஸ்க்லொடோவ்ஸ்கா கியூரி பெயரில் உதவித்தொகை கொடுக்கிறது. உள்நாட்டில் என்றால் கல்பாக்கத்திலேயே அணுசக்தித் துறையின் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. மருத்துவ இயற்பியல் முதுகலை அண்ணா பல்கலைக்கழகத்தில் படிக்கலாம். அதை முடித்து ஆர்.எஸ்.ஓ. தகுதி பெற்றால் சென்னை மருத்துவமனைகளிலேயே வேலை கிடைக்கும். இன்னும் படிப்பு முடியவில்லை என்றால், விடுமுறையில் ஒரு மாதம் ஏதாவது மருத்துவமனையின் கதிர்சிகிச்சைப் பிரிவில் உடனிருந்து பார்க்க அனுமதி கேட்கச் சொல்லுங்கள். மூலப் பதிவேட்டை எப்படி எழுதுகிறார்கள் என்று பார்த்துவரச் சொல்லுங்கள்.